நீலகிரி ஓடையில் மீன் விட நினைத்த டாக்டர்

அரூர் பக்கம் வாணியாறு ஓடுகிறது. சேர்வராயன் மலையில் பிறந்து, தென்பெண்ணையில் போய்ச் சேரும் ஆறு அது. மழை பெய்து தண்ணீர் வந்துவிட்டால் போதும். கரையில் தூண்டிலோடு ஆள் உட்கார்ந்துவிடும். ஒரு மூங்கில் கழி, கொஞ்சம் நூல், ஒரு தக்கை, ஒரு முள். முள்ளில் மண்புழு. கெளுத்தியோ, கெண்டையோ, ஜிலேபியோ வந்து கடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இதே தமிழ்நாட்டில் இன்னொரு விதமான தூண்டிலும் உண்டு. அதில் புழு கிடையாது. தக்கையும் கிடையாது. முள்ளின் மேல் கோழி இறகையும் முயல் மயிரையும் வைத்துப் பட்டு நூலால் சுற்றிக் கட்டியிருப்பார்கள். பார்வைக்கு அது ஒரு ஈயைப்போல இருக்கும். அந்தப் பொய் ஈயை நிஜ ஈ என்று நம்பி ஒரு மீன் பாய்ந்து கவ்வும். அந்த மீனின் பெயர் டிரவுட். அது வாழ்வது நீலகிரி மலையில், கடல் மட்டத்துக்கு 6,000 அடிக்கு மேலே உள்ள குளிர்ந்த ஓடைகளிலும் நீர்த்தேக்கங்களிலும்.

டிரவுட் நம் நாட்டு மீன் அல்ல. கப்பல் ஏறி வந்த மீன். அதை நீலகிரிக்குக் கொண்டுவர வேண்டும் என்று முதன்முதலில் முயன்றவர் ஒரு டாக்டர். அவர் பெயர் பிரான்சிஸ் டே. இரண்டு முறை முயன்றார். இரண்டு முறையும் தோற்றார். ஆனால், மீன் என்றாலே இன்றுவரை இந்தியாவில் அவர் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. அது எப்படி?

பண்ணை வீட்டுப் பிள்ளை

இங்கிலாந்தின் தெற்கே சசெக்ஸ் என்று ஒரு சீமை. அங்கே மேரஸ்பீல்டு என்ற ஊரில் 1829-ஆம் ஆண்டு மார்ச் 2-ந் தேதி பிரான்சிஸ் டே பிறந்தார். வசதியான குடும்பம். நிலபுலன் நிறைய உண்டு. ஆனால் மூத்த பிள்ளைக்கே நிலம் என்பது அந்த நாட்டு வழக்கம். இளைய பிள்ளைகள் படித்து உத்தியோகம் தேடிக்கொள்ள வேண்டும்.

டே மருத்துவம் படித்தார். 1852-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் உதவி டாக்டராகச் சேர்ந்தார். அப்போது வயது இருபத்து மூன்று. வந்ததும் பர்மா யுத்தத்துக்குப் போனார். அதன் பிறகு தென்னாட்டில் பல ஊர்களில் வேலை.

பட்டாளத்து டாக்டருக்கு வேலை ஒரே சீராக இருக்காது. காலரா வந்தால் இரவும் பகலும் தூக்கமில்லை. வராவிட்டால் பொழுது போகாது. பொழுதுபோகாத வெள்ளைக்கார அதிகாரிகள் பலர் புலி சுட்டார்கள், சீட்டு ஆடினார்கள். சிலர் செடி, பறவை, பூச்சி என்று சேர்க்கத் தொடங்கினார்கள். டேயும் முதலில் பறவைகளைத்தான் சேர்த்தார். அவரை மீன் பக்கம் திருப்பிய ஊர் கொச்சி.

கொச்சியில் திரும்பிய பக்கமெல்லாம் தண்ணீர். காயல், ஆறு, கடல். விடிந்தால் சந்தையில் விதவிதமான மீன். டாக்டர் கூடையில் இருப்பதைப் பார்ப்பார், பெயர் கேட்பார், வாங்குவார், சாராயத்தில் ஊறப்போட்டு வைப்பார். 1863-இல் கொச்சி நாட்டைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1865-இல் மலபார் மீன்களைப் பற்றி இன்னொரு புத்தகம் எழுதினார்.

அந்த நாளில் அவர் பெயர் வைத்த மீன்களில் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். முண்டக்கயம் பக்கத்து ஆற்றில் கிடைத்த சின்ன மீன் அது. உடல் நெடுகக் கறுப்புக் கோடு; அதன் மேலே சிவப்புக் கோடு. அப்போது சென்னைக் கவர்னராக இருந்தவர் சர் வில்லியம் டெனிசன். அவர் பெயரையே டே அந்த மீனுக்குச் சூட்டினார். கவர்னரை இன்று யாருக்கும் நினைவில்லை. மீனை உலகமே அறியும். மிஸ் கேரளா என்ற பெயரில் பல நாடுகளில் கண்ணாடித் தொட்டிக்குள் நீந்திக்கொண்டிருக்கிறது.

மீன் இல்லாத ஓடைகள்

கோடை வந்தால் வெள்ளைக்காரர்கள் நீலகிரிக்கு ஏறிவிடுவார்கள். அங்கே அவர்களுக்கு எல்லாம் தங்கள் ஊரைப் போலவே இருந்தது. குளிர் இருந்தது. பனி இருந்தது. புல்வெளியும் தெளிந்த ஓடையும் இருந்தன. உருளைக்கிழங்கு, ஆப்பிள், ரோஜா எல்லாம் வந்து வேர் பிடித்துவிட்டன. குறை ஒன்றே ஒன்றுதான். ஓடையில் பிடிக்கத் தகுந்த மீன் இல்லை.

ஏன் இல்லை? டே இதை ஆராய்ந்தார். நீலகிரி மலையிலும் அதன் அடிவாரத்து ஆறுகளிலும் உள்ள மீன்களைப் பற்றி 1867-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மலைக்குக் கீழே பவானி ஆற்றில் மீனுக்குப் பஞ்சமில்லை. அங்கே கிடைத்த ஒரு கெண்டைக்குப் பின்னாளில் பவானியின் பெயரையே வைத்தார். ஆனால் மேலே ஏற ஏற மீன் குறைகிறது. நடுவில் நிற்கின்றன செங்குத்தான அருவிகள். பெரிய மீன் எதுவும் அவற்றைத் தாண்டி ஏற முடியாது. உச்சியில் இருப்பவை விரல் நீளத்துச் சிறு மீன்கள்தான்.

மலையின் பழங்குடிகளான தோடர்களுக்கு இது ஒரு குறையாகவே தோன்றியிருக்காது. அவர்கள் மீன் உண்பவர்கள் அல்லர். குறைப்பட்டவர்கள் துரைமார்கள்தான். அவர்களுக்குத் தங்கள் நாட்டு டிரவுட் வேண்டும். சாப்பிட மட்டுமல்ல. கையில் நீண்ட கழியோடு ஓடைக்கரையில் நடந்து, பொய் ஈயை வீசி, அந்த மீனை ஏமாற்றிப் பிடிக்கும் ஆட்டம் வேண்டும். உள்ளதைச் சொன்னால், இந்தக் கதை தொடங்கியது விளையாட்டு ஆசையில்தான்.

டிரவுட்டைக் கொண்டுவருவது லேசான காரியமா? அது சுத்தமான, குளிர்ந்த தண்ணீரில்தான் உயிரோடு இருக்கும். தண்ணீர் சூடானால் அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறைந்துவிடும். மீன் மூச்சு முட்டிச் செத்துப்போகும். நம் வாணியாற்றில் விட்டால் சித்திரை மாதம் ஒன்றுகூட மிஞ்சாது. உயிரோடு மீனைக் கொண்டுவருவதைவிட முட்டையாகக் கொண்டுவருவது மேல். டிரவுட் முட்டை பட்டாணிக் கடலை அளவு இருக்கும். நல்ல குளிரில் வைத்தால் குஞ்சு பொரிக்க இரண்டு மூன்று மாதம்கூட ஆகும். அந்த அவகாசத்துக்குள் முட்டை ஊட்டிக்குப் போய்ச் சேர வேண்டும்.

பனிக்கட்டியோடு ஒரு பந்தயம்

அப்போது சூயஸ் கால்வாய் இல்லை. அது திறந்தது 1869-இல்தான். இங்கிலாந்திலிருந்து அவசரமாக வர வேண்டிய சாமான் எகிப்து வரை கப்பலில் வரும். அங்கே இறக்கி ரயிலில் ஏற்றிப் பாலைவனத்தைக் கடப்பார்கள். சூயஸில் மறுபடியும் கப்பல். பிறகு செங்கடல். அதன் வெக்கையில் மனிதனே வாடிப்போவான். முட்டை என்ன செய்யும்?

இந்தியாவுக்கு வந்த பிறகும் பாடு தீராது. சென்னைத் துறைமுகத்தில் இறங்கும் சாமான் கோயமுத்தூர்ப் பக்கம் ரயிலில் போகும். அந்த ரயில் பாதை 1862-இல்தான் மேற்குக் கடற்கரை வரை முடிந்திருந்தது. நம் மொரப்பூர் வழியாகப் போகும் அதே பாதைதான். மேட்டுப்பாளையத்துக்கு அப்போது ரயில் கிடையாது. மலை ரயிலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ரயிலை விட்டு இறங்கினால் மாட்டு வண்டி. அதன்பின் மலைப்பாதை.

1863-இல் டே முதல் முயற்சி செய்தார். முட்டைகள் பிழைக்கவில்லை. 1866-இல் மறுபடி முயன்றார். அதுவும் பலிக்கவில்லை.

இந்த இரண்டு தோல்விகளுக்கும் நடுவில், உலகத்தின் மறுகோடியில் வேறொருவர் வெற்றி பெற்றார். ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே டாஸ்மேனியா தீவு. இங்கிலாந்திலிருந்து அங்கே மீன் முட்டை அனுப்பப் பல ஆண்டுகளாகப் பாடுபட்டவர் ஜேம்ஸ் யூல். அவருக்கும் முன்னால் கிடைத்தவை தோல்விகளே. கடைசியில் லண்டனில் ஒரு பனிக்கட்டிக் கிடங்குக்குள் முட்டைகளை வைத்துச் சோதித்துப் பார்த்தார். ஈரப்பாசியில் முட்டையைப் பொதிந்து, பெட்டியைப் பனிக்கட்டிக்குள் புதைத்து வைத்தால் அது பல வாரம் சாகாமல் இருந்தது. 1864 ஜனவரியில் நார்போக் என்ற கப்பலில் பனிக்கட்டி அறை கட்டி, முட்டைகளை ஏற்றினார்கள். ஏப்ரலில் அவை டாஸ்மேனியா போய்ச் சேர்ந்தன. ஏராளமானவை செத்துப்போனாலும், டிரவுட்டில் சில நூறு குஞ்சுகள் பிழைத்தன. அங்கேயும் நியூசிலாந்திலும் பின்னாளில் பெருகிய பழுப்பு டிரவுட்டுக்கு அந்தச் சில நூறுதான் வித்து.

நீலகிரியில் டேயைத் தவிர இன்னொருவரும் மீன் பைத்தியமாக இருந்தார். அவர் ஊட்டி தாவரவியல் பூங்காவின் அதிகாரி மக்கைவர். சின்கோனா மரத்தை நீலகிரியில் பயிராக்கியவர் என்று அவரைப் பலர் அறிவார்கள். ஐரோப்பாவின் குளத்து மீன்கள் சிலவற்றை அவர் உயிரோடு வரவழைத்து ஊட்டி ஏரியில் விட்டார். அவை சேற்றிலும் பிழைக்கும் முரட்டு ஜாதி. ஆகவே பிழைத்துக்கொண்டன. டிரவுட் மட்டும் பிடி கொடுக்கவில்லை.

அணை கட்டியவர் கேட்ட கேள்வி

இந்த நேரத்தில் டேயின் வாழ்க்கையே வேறு பக்கம் திரும்பியது. திருப்பிவிட்டவர் சர் ஆர்தர் காட்டன்.

காட்டனைத் தமிழர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கொள்ளிடத்தில் அணை கட்டித் தஞ்சை வயல்களைக் காப்பாற்றியவர். கோதாவரியில் தவளேசுவரம் அணை கட்டியவர். ஆங்கிலத்தில் இத்தகைய அணைக்கு ‘அணிகட்’ என்று பெயர். நம் அணைக்கட்டு என்ற சொல்லைத்தான் அவர்கள் அப்படி எடுத்துக்கொண்டார்கள். அந்தக் காட்டனே 1867-இல் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். பெரிய ஆறுகளின் குறுக்கே இப்படிச் சுவர் எழுப்பிவிட்டோமே, இதனால் கரையோர மீன்வளம் கெடுமோ என்று லண்டன் சர்க்காரின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். தான் செய்த வேலையைத் தானே இப்படிக் கேள்வி கேட்பவர்கள் அந்த நாளிலும் அதிகம் இல்லை. இந்த நாளிலும் அதிகம் இல்லை.

இதை விசாரிக்க ஓர் ஆள் வேண்டும். மீன் தெரிந்த அதிகாரி யார்? டாக்டர் டே. அவரையே அனுப்பினார்கள்.

டே அணைகளுக்குப் போய்ப் பார்த்தார். கடலில் வாழ்ந்து, முட்டையிட ஆற்றில் ஏறும் மீன் உல்லம். வங்காளத்தில் அதை ஹில்சா என்பார்கள். வெள்ளம் வந்ததும் அது கூட்டம் கூட்டமாக ஆற்றை எதிர்த்து ஏறும். அணைச் சுவரில் முட்டி நின்றுவிடும். மேலே போக வழியில்லை. கீழே வலையோடு ஆட்கள் நிற்கிறார்கள். வயிற்றில் முட்டையோடு வந்த மீன்கள் அங்கேயே அள்ளப்பட்டன. மீன் ஏறிச் செல்ல அணையில் வழி விட வேண்டும் என்று டே யோசனை சொன்னார்.

அணை மட்டும்தானா காரணம் என்றும் பார்த்தார். வாய்க்கால் வழியாக மீன் குஞ்சுகள் நெல் வயலுக்குள் போகின்றன. வயலில் தண்ணீர் வடியும்போது மடையில் மூங்கில் கூடையை வைத்து அத்தனையையும் பிடித்துவிடுகிறார்கள். கோடையில் குட்டை வற்றும்போது மிச்சமிருக்கும் தாய் மீனையும் பிடித்துவிடுகிறார்கள். சில இடங்களில் விஷக் காய்களை அரைத்துத் தண்ணீரில் கலக்குகிறார்கள். பெரிதும் சிறிதும் சேர்ந்து மிதக்கின்றன.

தாசில்தாருக்கு வந்த தபால்

1871-இல் டே இந்தியா முழுவதற்கும் மீன்வள இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஆனார். ஒரிசா, வங்காளம், அஸ்ஸாம், பர்மா, அந்தமான், பஞ்சாப், சிந்து என்று சுற்றினார். ஒரு மனிதன் எத்தனை ஆற்றைத்தான் நேரில் பார்க்க முடியும்? ஆகவே ஒரு காரியம் செய்தார். கேள்விகளை எழுதி ஜில்லா அதிகாரிகளுக்கும் தாசில்தார்களுக்கும் அனுப்பச் செய்தார்.

கேள்விகள் சாதாரணமானவை. உங்கள் பகுதியில் மீன் பிடிப்பவர்கள் எத்தனை பேர்? அதுதான் அவர்களுக்கு முழுநேரத் தொழிலா? ஜனங்களில் மீன் சாப்பிடுகிறவர்கள் எவ்வளவு? சந்தைக்குப் போதிய மீன் வருகிறதா? வலையின் மிகச் சிறிய கண் எவ்வளவு? குஞ்சுகளை வயலில் பிடிக்கிறார்களா? தண்ணீரில் விஷம் கலப்பதுண்டா? மீன் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா?

நிலவரி, நெல் விளைச்சல், கொலை, கொள்ளை என்று எழுதிப் பழகிய தாலுகா கச்சேரிகளில், வலைக்கண்ணை அளந்து எழுதச் சொல்லி ஒரு தபால் வந்தால் எப்படி இருந்திருக்கும்? ஆனாலும் பதில்கள் வந்து குவிந்தன. எல்லாவற்றையும் தொகுத்து 1873-இல் அறிக்கை வெளியிட்டார். ஏழைகளின் சோற்றில் மீனுக்கு என்ன இடம் என்று இந்தியா முழுவதையும் கேட்ட அறிக்கை அது. துரைமார்களின் தூண்டில் ஆசையில் தொடங்கியவர் எங்கே வந்து நிற்கிறார் பாருங்கள். என் எண்ணத்தில், அவர் கொண்டுவர முடியாமல் போன டிரவுட்டைவிட இந்தக் கேள்வித்தாள் பெரிது.

சட்டம் வேண்டும் என்றார் டே. வலைக்கண்ணுக்கு அளவு வேண்டும், விஷத்துக்குத் தடை வேண்டும் என்றார். உடனே எதிர்ப்பும் கிளம்பியது. குட்டையில் கூடை வைத்துப் பிடிப்பவன் பரம ஏழை. அவன் கையிலிருந்து கூடையைப் பிடுங்கலாமா என்று அதிகாரிகளிலேயே சிலர் கேட்டார்கள். அதிலும் நியாயம் இருந்தது. குஞ்சு மீன் ஏழையின் இன்றைய சாப்பாடு. பெரிய மீன் எல்லாருடைய நாளைய சாப்பாடு. எதைக் காப்பது? வழக்கு எளிதில் தீரவில்லை. டே இருந்தவரை சட்டம் வரவில்லை. 1897-இல்தான் இந்திய மீன்வளச் சட்டம் பிறந்தது. வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதை அது குற்றமாக்கியது.

ஆயிரத்து நானூறு மீன்கள்

ஊர் சுற்றும்போதெல்லாம் டே மீன்களைச் சேர்த்துக்கொண்டே இருந்தார். 1875 முதல் 1878 வரை இந்திய மீன்கள் என்ற பெரிய நூல் பகுதி பகுதியாக வெளிவந்தது. ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட மீன் இனங்களை அதில் விவரித்தார். படங்களும் உண்டு. பல மீன்களுக்கு நாட்டுப் பெயர்களையும் சேர்த்து எழுதினார். தமிழில் என்ன, மலையாளத்தில் என்ன, வங்காளத்தில் என்ன என்று செம்படவர்களிடம் கேட்டுக் குறித்த பெயர்கள் அவை. இன்றும் கல்லூரியில் மீனியல் படிப்பவர்கள் அந்த நூலைப் புரட்டாமல் தப்ப முடியாது.

எல்லாம் அவர் கண்ணில் பட்டுவிடவும் இல்லை. காவிரியிலும் மோயாற்றிலும் முதுகில் திமிலோடு ஒரு பெருங்கெண்டை உண்டு. மகசீர் என்பார்கள். நம் ஒகேனக்கல் பக்கத்து மக்களுக்கு அது புதிதல்ல. அதற்குரிய சரியான விஞ்ஞானப் பெயர் இன்னதென்று உறுதியானது 2018-இல்தான். அதற்குள் அந்த மீன் அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது.

1877-இல் டே ஓய்வு பெற்று இங்கிலாந்துக்குத் திரும்பினார். செல்டன்ஹாம் நகரில் குடியேறினார். அங்கே அவருக்கு மாலை மரியாதை காத்திருக்கவில்லை, சண்டைதான் காத்திருந்தது. பிரிட்டிஷ் மியூசியத்தில் மீன் பிரிவில் பேரெடுத்தவர் ஆல்பர்ட் குந்தர். அவருக்கும் டேக்கும் ஒத்துவரவில்லை. ஒருவர் எழுதியதை மற்றவர் குறை சொன்னார். பகை முற்றியது. 1883-இல் லண்டனில் சர்வதேச மீன்வளக் கண்காட்சி நடந்தது. டேயின் இந்திய மீன்கள் அங்கே வைக்கப்பட்டன. ஆஸ்திரேலியாவின் சிட்னி மியூசியத்தார் பார்த்தார்கள், விலை பேசினார்கள். டே விற்றுவிட்டார். நம் காவிரியிலும் பவானியிலும் கொச்சியிலும் பிடித்த மீன்களில் பெரும்பகுதி லண்டனுக்குப் போகாமல் சிட்னிக்குப் போனது இப்படித்தான். பவானி ஆற்று மீனைச் சரிபார்க்க இன்றும் சிட்னிக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது.

மறுபடியும் டிரவுட்

டிரவுட் மட்டும் அவர் மனதை விட்டுப் போகவில்லை. ஸ்காட்லாந்தில் ஹவிடவுன் என்ற இடத்தில் சர் ஜேம்ஸ் மெயிட்லண்டு என்ற செல்வர் டிரவுட் பண்ணை வைத்திருந்தார். டே அங்கே போய் முட்டைகளை ஆராய்ந்தார். இளைய தாய் இடும் முட்டை எவ்வளவு பெரிது, முதிர்ந்த தாய் இடுவது எவ்வளவு பெரிது, கலப்பு இனம் பிழைக்குமா என்றெல்லாம் சோதனை செய்தார்.

அந்த ஏரி டிரவுட் வேறு, இந்த ஆற்று டிரவுட் வேறு என்று குந்தர் பல இனங்களாகப் பிரித்து வைத்திருந்தார். டே அதை மறுத்தார். இடத்துக்கும் இரைக்கும் தகுந்தபடி நிறமும் உருவமும் மாறுமே தவிர எல்லாம் ஒரே ஜாதிதான் என்று 1887-இல் வெளியிட்ட நூலில் எழுதினார். இதில் பின்னாள் விஞ்ஞானிகள் பெரும்பாலும் டேயின் பக்கமே நின்றார்கள்.

வயிற்றில் புற்றுநோய் கண்டது. அந்த நிலையிலும் இந்திய மீன்களைப் பற்றி இரண்டு தொகுதி நூல் எழுதி முடித்தார். அது வெளிவந்தது 1889-இல். அதே ஆண்டு ஜூலை 10-ந் தேதி செல்டன்ஹாமில் அவர் உயிர் பிரிந்தது. வயது அறுபது. நீலகிரியில் டிரவுட் அன்றுவரை நிலைபெறவில்லை.

அவலாஞ்சியில் குஞ்சு பொரித்தது

1900-இல் காஷ்மீரத்தில் டிரவுட் பிடித்துக்கொண்டது. அங்கேயும் முந்தின ஆண்டு வந்த முட்டைகள் வீணாகிப்போய், இரண்டாம் முறை ஸ்காட்லாந்திலிருந்து வந்தவைதான் பிழைத்தன. இலங்கையில் நுவரெலியா மலையில் அதற்கு முன்பே வந்துவிட்டது.

சென்னை சர்க்கார் மறுபடி முனைந்தது. எச். சி. வில்சன் என்ற மீன் நிபுணர் நீலகிரிக்கு வந்தார். 1907-இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் கட்டினார். டேயின் காலத்தில் இல்லாத வசதிகள் அவருக்கு இருந்தன. சூயஸ் கால்வாய் திறந்திருந்தது. நீராவிக் கப்பல் வேகமாக வந்தது. குன்னூருக்கு மலை ரயிலும் வந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, மீன் ஜாதியை மாற்றினார்கள். ஐரோப்பாவின் பழுப்பு டிரவுட்டுக்குப் பதிலாக, வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் பிறந்த வானவில் டிரவுட்டை இலங்கையிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வரவழைத்தார்கள். கொஞ்சம் கூடுதலான வெப்பத்தையும் அது தாங்கும். ஓடைகளில் விட்டார்கள். பெருகியது.

பிறகு மின்சாரம் வந்தது. 1932-இல் பைக்காரா மின் நிலையம் இயங்கியது. 1938-இல் முக்குர்த்தி அணை. 1950-களிலும் 1960-களிலும் கானடா நாட்டு உதவியோடு குந்தா திட்டம். அவலாஞ்சி, எமரால்டு, மேல் பவானி என்று நீர்த்தேக்கங்கள் எழுந்தன. அணை கட்டினால் மீன் கெடும் என்ற கவலையில் வேலைக்கு வந்தவர் டே. இங்கே வினோதமாக, அணைகள் டிரவுட்டுக்கு வீடு கட்டிக் கொடுத்தன. ஓடையில் விரலளவு இரை தின்று சிறுத்திருந்த மீன், அகன்ற நீரில் பருத்து வளர்ந்தது.

பொய் ஈயும் நிஜ மீனும்

அந்த நீர்த்தேக்கத்தில் ஒரு நாள் தூண்டில் எப்படிப் போகும்? முதலில் அனுமதிச் சீட்டு. சுற்றிலும் காப்புக்காடு, சும்மா போக முடியாது. விடியற்காலையில் போக வேண்டும். தண்ணீர் மேல் மூடுபனி படிந்திருக்கும். கை விறைக்கும். அந்தக் கையால் முடி போன்ற நூலில் கொசு அளவு ஈயைக் கட்ட வேண்டும். பாதிப் பொறுமை அங்கேயே தீர்ந்துவிடும்.

நம் ஊர்த் தூண்டிலில் முள்ளின் முனையில் இருக்கும் கனம்தான் நூலை இழுத்துக்கொண்டு போகும். இறகு ஈக்குக் கனமே இல்லை. ஆகவே இங்கே கனம் நூலில் இருக்கிறது. தடித்த நூலைத் தலைக்குப் பின்னால் வீசி, அது நேராக நீளும்வரை ஒரு கணம் நிறுத்தி, முன்னால் வீச வேண்டும். சாட்டை சொடுக்குவது போல இருக்கும். ஆனால் சத்தம் வரக்கூடாது. நுனியில் கட்டிய ஈ பஞ்சு போலத் தண்ணீரில் இறங்க வேண்டும். தொப்பென்று விழுந்தால் அந்த இடத்தில் அரை மணிக்கு மீன் வராது.

ஓடையில் டிரவுட் நீரோட்டத்தைப் பார்த்து ஒரே இடத்தில் நிற்கும். இரை தானாக வந்து சேரும். நீர்த்தேக்கத்தில் ஓட்டம் இல்லை. மீன்தான் இரையைத் தேடிச் சுற்ற வேண்டும். ஆகவே தெரிந்தவர்கள் இரண்டு இடங்களைப் பார்ப்பார்கள். ஒன்று, ஓடை வந்து கலக்கும் வாய். இன்னொன்று, காற்று பூச்சிகளை ஒதுக்கிச் சேர்க்கும் கரை. கரையோரம் நடக்கும்போது நிழல் தண்ணீரில் விழக்கூடாது. விழுந்தால் மீன் பறந்துவிடும்.

ஒரு வட்டம் தெரியும். மழைத்துளி விழுந்தது போல. ஆனால் மழை இல்லை. மீன் மூக்கை நீட்டிப் பூச்சியை உறிஞ்சிய இடம் அது. அதற்குச் சற்று முன்னால் ஈயை இறக்க வேண்டும். கையால் நூலை மெள்ள மெள்ள இழுக்க வேண்டும். பலமுறை ஒன்றும் நடக்காது. ஈயை மாற்றிக் கட்டுவார்கள். கறுப்பு போய்ப் பழுப்பு. பழுப்பு போய்ச் சிறியது. காலை முழுவதும் இப்படியே போவதும் உண்டு.

கடித்துவிட்டால் வேறு கதை. முள் தைத்ததும் வானவில் டிரவுட் தண்ணீருக்கு வெளியே குதிக்கும். இறுக்கிப் பிடித்தால் நூல் அறும். தளர விட்டால் முள் கழன்றுவிடும். ஓடும்போது நூலை விட்டு, நிற்கும்போது சுற்றி, களைத்த பிறகு கைவலையில் ஏந்த வேண்டும். உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி. பக்கவாட்டில் ரோஜா நிறத்தில் ஒரு பட்டை. ஈரம் உலர்வதற்குள் அந்த நிறம் மங்கத் தொடங்கிவிடும்.

சிறியதாக இருந்தால் கையை நனைத்துக்கொண்டு முள்ளைக் கழற்றித் திருப்பி விடுவது இந்தத் தூண்டில்காரர்களின் மரபு. உலர்ந்த கை பட்டால் மீனின் மேல் உள்ள வழவழப்பு போய் நோய் பிடிக்கும். குஞ்சைப் பிடித்துவிட்டால் நாளைக்கு என்ன மிஞ்சும் என்று டே தாசில்தார்களைக் கேட்ட கேள்வி, அங்கே ஒருவர் கைக்குள்ளேயே வந்து நிற்கிறது.

குளிர் மாதங்களில் இந்த மீன்கள் நீர்த்தேக்கத்தை விட்டு ஓடைகளில் ஏறும். பெண் மீன் கூழாங்கல் தரையில் வாலால் அடித்துப் பள்ளம் பறிக்கும். முட்டையிட்டுக் கல்லால் மூடும். கப்பலில் பனிக்கட்டிக்குள் வைத்துக் காப்பாற்ற முடியாமல் போன அதே பட்டாணி அளவு முட்டைகள், முக்குர்த்தி மலை ஓடைகளில் யாருடைய காவலும் இல்லாமல் கல்லுக்கு அடியில் கிடந்து பொரிக்கின்றன.

மாலை நான்கு மணிக்கெல்லாம் மூடுபனி மறுபடி இறங்கிவிடும். தூண்டில்காரர் கழியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, காட்டு யானை வருவதற்குள் பாதைக்குத் திரும்ப வேண்டும்.